மல்லாட்டைக் கொல்லையில் கீரித் தலைகள்

என் ஓரகத்தி செத்துப்போன கீரிகளைப் பொறுக்குகிறவள் என்று, பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. மூத்த மருமகள் காலேஜில் விலங்கியல் பாடம் நடத்துகிறாள், தங்கமான குணம் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். மூன்றாவதையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், காலேஜ் விட்டு வந்த அவளுடைய ஒயர் கூடையில் காய்கறி இருக்கும் என்று நினைத்துக் கையை விட்டேன். வாழை இலையில் சுற்றிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால் ஒரு கீரி, பல்லைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நான் போட்ட கூச்சலில் கொட்டகையிலிருந்த மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

"பயப்படாதடி. செங்கம் ரோட்டுல லாரி அடிச்சது. காலையிலதான் செத்திருக்கு, நாத்தமே இல்ல பாரு" என்றாள் அக்கா. அப்போதுதான் பறித்த கத்தரிக்காயைக் காட்டுகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டினாள்.

அது எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை அப்போது வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு ஊர், அவ்வளவுதான். எங்கள் வீட்டு ஆண்கள் இருவருக்கும் வேலூரில் வேலை; சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார்கள். மாமியார் எப்போதோ காலமாகிவிட்டார். வாரம் முழுக்க வீட்டில் இருப்பது மாமா என்று நாங்கள் கூப்பிடும் மாமனார், அக்கா என்று நான் கூப்பிடும் ஓரகத்தி, பிறகு நான். மாமாவுக்கு மலை சுற்றும் பாதையை ஒட்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். அந்தக் கொல்லைதான் அவருக்கு உயிர். அதில் ஒரு வரப்பு ஒரு விரல் நகர்ந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவார்.

அக்கா டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பகலில் பாடம், மிச்ச நேரத்தில் செத்த கீரி, அதிலும் தலைதான் அவளுக்கு வேண்டும். உயிரோடு இருக்கும் எதையும் அவள் தொட்டதில்லை. ரோட்டில் அடிபட்டது, நாய் கடித்துப் போட்டது, கோழிக் கூண்டுக்குள் புகுந்து அடி வாங்கிச் செத்தது, இவை மட்டும்தான். பஸ் கண்டக்டர்களெல்லாம் அவளுக்குப் பழக்கம். "டீச்சரம்மா, புதுப்பாளையம் கூட்டு ரோடாண்ட ஒண்ணு கெடக்குது" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போவார்கள். ஊரில் அவளுக்குக் கீரியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. நான் அவளுக்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன்.

"அப்படி இன்னாதான் இருக்குது அந்தத் தலையில?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அடுப்பில் என் காரக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோரைப்பல்" என்றாள். "நம்ம பக்கத்துல கீரி ரெண்டு ஜாதி இருக்குது. சாம்பல் கீரி ஊருக்குள்ள, வயல்ல, எங்கயும் திரியும். செங்கீரி கொஞ்சம் பெரிசு. வால் நுனி கறுப்பா, மேல தூக்கினு இருக்கும். அது மலைக்காட்டை விட்டு இறங்காது. ரெண்டும் ஒரே வம்சம், ரெண்டும் கறி தின்னுது. மலையடிவாரத்துல ரெண்டும் சேர்ந்து இருக்குது. வயல் பக்கம் சாம்பல் கீரி மட்டும் தனிக்காட்டு ராஜா. கூட ஒரு பங்காளி இருக்கிற எடத்துல சாம்பல் கீரியோட பல்லு எப்படி இருக்கும், இல்லாத எடத்துல எப்படி இருக்கும்? இதான் என் கேள்வி."

"பல்லு எங்க இருந்தாலும் பல்லுதானே?"

"இல்லடி. நீ வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல எல்லாச் சமையலும் நான்தான். நீ வந்த. உன் குழம்பு என்னுதவிட நல்லா இருக்குது. நான் உன்கூட மல்லுக்கு நின்னேனா? குழம்பை உனக்கு விட்டுட்டு டிபன் பக்கம் ஒதுங்கிட்டேன். வீட்ல சண்டை இல்ல."

"அப்ப நான் செங்கீரி, நீங்க சாம்பல் கீரி!"

"குழம்புல மட்டும்" என்றாள் அக்கா. "ஆனா கீரி நம்மள மாதிரி யோசிச்சு ஒதுங்காது. பெரிசு தின்னுற காடை, முயலையே தானும் புடிக்கப் பார்க்கிற சாம்பல் கீரிக்கு வயிறு நிறையாது. அதுலயே கொஞ்சம் சின்ன வாயோட, மெல்லிசு பல்லோட பொறந்தது ஓணான், சுண்டெலின்னு புடிச்சுப் பொழைச்சுக்கும். அதோட குட்டிங்கதான் ஜாஸ்தி நிக்கும். தலைமுறை தலைமுறையா இப்படியே போனா, அந்தப் பக்கத்துக் கீரிக்கே வாய் சின்னதாயிடும். கடலுக்கு அந்தாண்ட, கரும்பு வெளையற தீவுங்களுக்கு எலி புடிக்கறதுக்காக நம்ம நாட்டுக் குட்டை ஜாதிக் கீரியைக் கப்பலேத்திக் கொண்டுபோனாங்க. அங்க அதுக்குப் பங்காளியே கெடையாது. இன்னா ஆச்சு? பெருத்துப்போச்சு."

புலி, சிறுத்தை, காட்டுப்பூனை என்று ஒரே காட்டில் இருக்கும் சொந்தக்காரப் பிராணிகள் ஏன் மாடிப்படி மாதிரி ஒன்றுக்கொன்று அளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் போனது. எரிச்சல் போன இடத்தில் என்ன வந்தது என்றால், வியப்புதான். ரோட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் தாண்டிப் போகிற ஒன்றின் வாய்க்குள் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது, அதைப் படிக்க இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வயல் பக்கத்துக் கீரிகளின் மண்டை ஓடுகளை அவள் முன்பே சுத்தம் செய்து அளந்துவிட்டாள். மலைப்பக்கத்தில் கிடைத்தவைதான் பாக்கி. அவற்றைச் சேர்க்க அவளுக்கு வருஷக்கணக்காக ஆனது, ஏனென்றால் மலைக்காட்டில் லாரி கம்மி. அதுவரை உப்பில் உலர்த்தி வைத்திருந்த தலைகளிலிருந்து சதை போக வேண்டும். வேகவைத்தால் பல் விரிசல் விடும். மண்ணுக்குள் புதைத்துவிட்டால் எறும்பும் புழுவும் பொறுமையாக வேலையை முடித்துக்கொடுக்கும். வீட்டுப் பின்பக்கம் புதைக்க மாமா விடவில்லை. "துளசி இருக்கிற எடம். கொல்லைக்குக் கொண்டு போம்மா" என்றார்.

ஆடி மாசத்தில் இருவரும் போய் கொல்லையின் ஓரத்தில், பாதையை ஒட்டிய மேட்டில் குழி தோண்டினோம். பயிர் இல்லாத அந்தப் பக்கம் மாமா போவதில்லை, எங்கே புதைத்தோம் என்று கேட்கவுமில்லை. ஒரு சட்டிக்கு ஒரு தலை. ஒவ்வொரு சட்டியின் கழுத்திலும் அக்கா ஆணியால் ஒரு குறி கீறினாள். நாய் தோண்டாமல் இருக்க மேலே வரிசையாகக் கல் அடுக்கினோம். நாய்க்கு வழி செய்தாகிவிட்டது, மனிதர்களை என்ன செய்வது? மலை சுற்றுகிறவர்கள் அவசரத்துக்கு ஒதுங்குவது அந்த மேட்டில்தான். மறுவாரம் போய்ப் பார்த்தபோது கிட்டே போக முடியவில்லை.

அப்போது என் ஓரகத்தி, முதுகலை படித்த விலங்கியல் பேராசிரியை, நம் ஊரில் சுவரைக் காப்பாற்ற எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தாள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்து கற்களுக்குப் பூசிக் குங்குமம் வைத்தாள். "இனிமே எவனும் வேட்டியைத் தூக்க மாட்டான்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. மேடு அன்றோடு சுத்தமாகிவிட்டது.

கார்த்திகை தீபம் வந்தது. மலையைச் சுற்றி ஜன சமுத்திரம். பேசாத விரதம் பூண்ட ஒரு மௌனசாமி, உட்கார இடம் தேடியிருக்கிறார். பாதையோரத்தில் சுத்தமாக இருந்த ஒரே இடம் எங்கள் மேடுதான். உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் வினை. மஞ்சள் பூசிய கல் வரிசை, பக்கத்தில் கண்மூடிய சாமியார், எதிரே அண்ணாமலை. வேறு ஊராக இருந்தால் அது என்ன என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கேட்கத் தேவையில்லை. யாரோ ஒரு சித்தர் உயிரோடு அடங்கிய சமாதி என்று தீபம் முடிவதற்குள் தெரிந்துபோயிற்று. ஒருவர் கற்பூரம் ஏற்றினார், ஒருவர் வில்வம் போட்டார், ஒரு பால்காரர் தினமும் முதல் படிப் பாலை ஊற்றலானார்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கீரித் தலைகளுக்கு மேலே சம்மணமிட்டுத் தியானத்தில் இருந்தாள். ஒரு பெரியம்மா எங்களுக்கு விபூதி நீட்டினாள். அக்கா பணிவாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். திரும்பி அவளைப் பார்த்தால், கண் கலங்கியிருந்தது.

"சித்திரைக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கணும்டி. ஏற்கெனவே ஒரு தடவை கெடு நீட்டி வாங்கிட்டேன். இந்தத் தடவை தவறினா பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. இத்தனை வருஷமும் வீண்."

தனியாக வாழும் கீரியின் பல் அளவு அவள் கையில் இருந்தது. பங்காளியோடு வாழும் கீரியின் பல் சித்தருக்கு அடியில் இருந்தது. ஒன்றில்லாமல் மற்றதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று.

மாமாவிடம் அன்று சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டாள். அவர் அந்த மேட்டுக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போடக் கம்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார். பிறகு கை களியிலேயே நின்றது.

"இன்னாம்மா சொல்ற? சித்தரு இல்லியா?"

"இல்லீங்க மாமா. கொல்லைக்குக் கொண்டு போகச் சொன்னீங்களே, அந்தக் கீரித் தலைங்க. நான்தான் பொதைச்சேன். மஞ்சள் வெச்சதும் நான்தான்."

"நீ வெச்சதாவே இருக்கட்டும். இத்தினி ஜனம் வுழுந்து கும்பிட்டப்புறம் அது உன்னுது இல்ல. என் கொல்லையில என் அப்பன் காலத்துல இருந்து சண்டைக்குத்தான் ஆள் வந்தான். இப்பதான் கும்பிடறதுக்கு வர்றான். அங்க மம்பட்டி படக்கூடாது" என்றார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விடியற்காலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் நாமே போய்த் தோண்டி எடுத்துவிடலாம், மௌனசாமி பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் ஒப்பவில்லை.

"திருடினு வந்து அளந்தா எனக்குக் கை நடுங்கும்டி. ஒரு மயிரிழை வித்தியாசத்தைத் தேடறேன். நடுங்கற கையால அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் இல்லாம, அந்தப் பெரியம்மா கும்பிட்டது பொய் இல்லியே."

தை போய் மாசி பிறந்தது. அவள் காலேஜுக்குப் போனாள், வந்தாள், தோசை ஊற்றினாள். சாப்பிட்டாளா என்று நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. வழி வேறு எங்கிருந்தும் வரவில்லை, எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் இருந்துதான் வந்தது. அங்கே ஒரு சின்னச் சன்னதியில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. விமானத்தின்மேல் கொத்தனார்கள் செருப்பில்லாத காலோடு ஏறி நின்று உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். சாமி இருக்கும்போது தலைக்குமேல் இப்படிக் கொத்தலாமா என்று அக்கா அங்கிருந்த குருக்களிடம் கேட்டாள். அவருடைய பெண் அவளிடம் படித்தவள்.

"சாமி இப்போ அங்கே இல்லையேம்மா. பாலாலயம் பண்ணியாச்சு. கலசத்துல ஆவாகனம் பண்ணி அந்த மண்டபத்துல எழுந்தருளப் பண்ணியிருக்கோம். வேலை முடியற வரைக்கும் பூஜையெல்லாம் அங்கேதான். இங்கே இருக்கறது வெறும் கல்லு, காரைதான்."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய்த் தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவள் எல்லாவற்றையும் குருக்களிடம் சொல்லி முடித்திருந்தாள், கீரி உள்பட. அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்தார்.

"அது ஆகமப்படி கட்டின கோயில் இல்லை, அதனால விதின்னு ஒண்ணும் இல்லை. ஆனா நாலு பேர் கும்பிட்ட எடத்தைக் கேக்காம தோண்டப்படாது. கேட்டுண்டு தோண்டலாம். நான் வந்து கலசம் வெச்சுத் தரேன். தூக்கிண்டு போறது மட்டும் நெலத்துக்காரர்தான் பண்ணணும். அவர் சம்மதிப்பாரா?"

அதுதானே கேள்வி. அன்று சாயங்காலம் மாமா மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றாள். பாலாலயத்தைப் பற்றிச் சொன்னாள். சித்தரை யாரும் போகச் சொல்லவில்லை, கொல்லையின் மறுகோடி வேப்பமரத்தடிக்கு இடம் மாற்றப் போகிறோம், அவ்வளவுதான் என்றாள். நீங்கள் தூக்கினால்தான் நடக்கும் என்றாள். அவர் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கேட்டார்: "அத்த அளந்து நீ இன்னா தெரிஞ்சிக்கப் போற?"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஆண்கள் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவளுடைய வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை. அக்கா தொழுவத்துச் சாணித் தரையிலேயே குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் இரண்டு வாய் வரைந்து, சொல்ல ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை, அவரும் நகரவில்லை. பங்காளி, பங்கு, ஒதுங்குவது, ஒதுங்கினவன் பிழைப்பது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் கொல்லை பக்கத்துப் பக்கத்தில். இருவரும் மல்லாட்டையே போட்டு, ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு, கோர்ட்டு வரைக்கும் போனவர்கள்.

"எங்க சின்னவன் சாமந்திக்கு மாறினப்புறம்தான் ரெண்டு குடும்பமும் சோறு துன்னோம்" என்றார் மெதுவாக. "அவனும் மல்லாட்டையே போட்டுனு இருந்தா ரெண்டுல ஒருத்தன் ஊரை விட்டே பூட்டிருப்பான். இந்தச் சாம்பல் கீரி பல்லு சின்னதாயினது, என் தம்பி பூ போட்ட மாதிரி."

"அப்படியேதாங்க மாமா. சின்னதாச்சான்னு இன்னும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் தோண்டணும்."

"தெரியாதா? இவ்ளோ நேரம் சொன்ன?"

"நெனைக்கிறேன். நெனைக்கிறது பத்தாதுங்க, பார்க்கணும்."

அவர் வைக்கோல் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "குருக்களுக்கு எந்த நாள் தோதுன்னு கேளு" என்றார்.

பட்டப்பகலில்தான் நடந்தது. குருக்கள் கலசத்தில் நூல் சுற்றி, மாவிலை வைத்து, மந்திரம் சொன்னார். மாமா தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கலசத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பு வழியே நடந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பின்னால் ஜனம். மௌனசாமி எழுந்து, தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு பேச்சும் இல்லாமல் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நிழலும் அங்கே ஜாஸ்தி.

பிறகு அக்கா கூட்டத்தின் எதிரிலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் தோண்டினாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா போகவில்லை. சட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாசக்கணக்காகப் பாலும் தண்ணீரும் இறங்கிய மண்ணில் எறும்பும் புழுவும் சளைக்காமல் வேலை பார்த்திருந்தன. அவ்வளவு வெள்ளையான மண்டை ஓடுகளை அவள் அதற்கு முன் எடுத்ததில்லையாம். ஒரு சட்டி மட்டும் உடைந்து, ஒரு கோரைப்பல் மண்ணில் விழுந்திருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மாவுச் சல்லடையை எடுத்துவந்து, அந்த மண்ணை முழுக்கச் சலித்து, நான் அதைக் கண்டுபிடித்தேன். இந்த ஆராய்ச்சியில் என் பங்கு அது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அளந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார்ந்து, வெர்னியர் என்ற அளவுகோலின் இரண்டு வாய்க்கு நடுவே பல்லை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். சாம்பல் கீரிகளை அளக்கும்போது, முன்பே அளந்திருந்த வயல் பக்கத்துத் தலைகளையும் மலைப்பக்கத்துத் தலைகளையும் கலந்து, எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தெரிந்தால் தன் கையே தன்னை ஏமாற்றிவிடும் என்று தன்மேலேயே சந்தேகம். என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று என்னைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். ஒருமுறை அளந்ததை வேறொரு நாள் மறுபடி அளப்பாள். எனக்குக் குழம்பில் உப்புப் பார்க்கக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

எல்லாம் முடிந்து குறிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மலைப்பக்கத்துச் சாம்பல் கீரியின் கோரைப்பல் வயல் பக்கத்துக் கீரியின் பல்லைவிட மெலிந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தையல் நூலின் கனம் இருக்கும். செங்கீரியின் பல் அதைத் தாண்டி நன்றாகத் தள்ளி நின்றது. ஒன்றே ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. மலைப்பக்கத்து ஆண் கீரி, வயல் கீரி மாதிரியே தடித்த பல்லோடு. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அதையும் சேர்த்துத்தான் எழுதினாள், கெடு முடிவதற்குள் கொடுத்தாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மறு வருஷம் மெட்ராஸில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம். அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நான் வர்றேன் என்று மாமா முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அக்கா பேசும்போது மாமா ஒன்றும் புரியாமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்த பரிசோதகர், மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனிதர், ஒரு இடத்தில் அவளை நிறுத்திவிட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மலைப்பக்கத்துத் தலைகள் மாசக்கணக்காகத் திறந்தவெளியில் புதைந்து கிடந்திருக்கின்றன. யாரும் எடுத்து மாற்றவில்லை, வேறு எதுவும் கலக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? உங்கள் முடிவே அதன்மேல்தானே நிற்கிறது? அக்கா ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினாள். சித்தர், சமாதி, பாலாலயம் இவற்றையெல்லாம் அந்த அறையில், அந்த மொழியில், எப்படிச் சொல்வது? அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"இன்னா கேக்குறாரு?" என்று மாமா என் காதில் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

"யாரும் தொடலீங்க" என்றார் உரக்க. "என் கொல்லைங்க அது. அந்த எடத்தைச் சாமின்னு கும்பிட்டினு இருந்தோம். பகலும் ராவும் ஆள் உக்காந்திருக்கும். மேல வெச்ச பூவைக்கூட ஒருத்தன் எடுத்தது இல்ல, உள்ள இருக்கிறத எவன் எடுப்பான்? தோண்டும்போது நான் கிட்டக்க நின்னு பார்த்தேன். இந்தப் பொண்ணு ஒவ்வொரு சட்டியா குறி பார்த்துத்தான் எடுத்துச்சு."

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். தமிழில் கேட்டார்: "பெரியவரே, நீங்க யாரு?"

மாமா தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "டாக்டரம்மாவோட மாமனாருங்க."

பரிசோதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் நாங்க பட்டம் குடுக்கலையே!"

"நீங்க குடுக்கும்போது குடுங்க" என்றார் மாமா. "வீட்ல குடுத்தாச்சு."